உஷார்! மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ‘விசுவாசம்’

“ஏல, கர்த்தர் என்னைத் தொட்டுட்டாருல. இனிமே எனக்கு ஊசி வேண்டாம்!”

சுகமளிக்கும் கூட்டம் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாளையங்கோட்டை வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தி சொன்ன முதல் வார்த்தை இது. பதினெட்டு வருடமாக இன்சுலின் போடுகிறவள். அன்றைக்கு அவளை மேடையேற்றி சாட்சி சொல்ல வைத்திருக்கிறார்கள். “ஊசியைத் தூக்கிப் போடுங்க சிஸ்டர்” என்று மைக்கிலேயே சொன்னார்களாம். கூட்டம் அல்லேலூயா போட்டதாம். வந்த வேகத்தில் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த இன்சுலினை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

திங்கள்கிழமை நன்றாகத்தான் இருந்தாள். செவ்வாய்க்கிழமை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். புதன்கிழமை வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு கீழ்மூச்சு. வாயிலிருந்து கனிந்து அழுகிய பழம் போல ஒரு வாடை. வியாழன் விடியுமுன் 108 வண்டி வாசலில் நின்றது. சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது. “இன்னும் அரை நாள் விட்டிருந்தால் கஷ்டம்” என்றார் டாக்டர். மூன்று நாள் ஐசியூவில் கிடந்து பிழைத்தாள்.

சித்தப்பா அந்த ஊழியக்காரருக்குப் போன் போட்டார். “எங்கயோ விசுவாசத்துல தளர்ந்துட்டாங்க பிரதர்” என்று பதில் வந்தது. அடுத்த முறை போட்டபோது யாரும் எடுக்கவில்லை.

நானும் சபை பெஞ்சில் வளர்ந்தவன்தான். காய்ச்சலில் கிடந்தால் அம்மா நெற்றியில் கைவைத்து ஜெபித்த பிறகுதான் தூக்கமே வரும். ஆகவே ஜெபத்தைப் பழிக்க இதை எழுதவில்லை. ஜெபத்தின் பெயரால் மருந்து டப்பாவைப் பிடுங்குகிறவர்கள் நம் தெருவுக்கே வந்துவிட்டார்கள். அவர்களை அடையாளம் காட்டத்தான் எழுதுகிறேன்.

மேடையில் வலி ஏன் மறைகிறது?

மேடையில் நின்றவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். வலி குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். பாட்டு, கூட்டம், கண்ணீர், எதிர்பார்ப்பு எல்லாம் ஒன்றுகூடும்போது உடம்பு தானே சுரக்கும் எண்டார்ஃபின் வலியைக் கொஞ்ச நேரம் அமுக்கிவிடும். முழங்கால் வலிக்காரர் கைத்தடியை எறிந்துவிட்டு நாலு எட்டு நடப்பார். மறுநாள் காலையில் அதே கைத்தடியைத் தேடுவார். கைத்தடி போனால் போகட்டும், வேறு வாங்கலாம். கீழே உள்ள நோய்களில் அப்படி முடியாது.

ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மாத்திரையை விட்ட பிறகும் ‘சுகமாக’ இருப்பதாகவே தோன்றும், ஒரு நாள் வாய் கோணிக் கை விழும்வரை. வலிப்பு மாத்திரைகளில் சில, விட்ட பிறகும் சில நாள் ரத்தத்தில் தங்கியிருக்கும். நாலு நாள் வலிப்பு வராததைச் சுகம் என்று எண்ணித் திடீரென நிறுத்தினால், அடுத்து வரும் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து உயிரையே குடிக்கலாம். காசநோயில் மருந்து தொடங்கிச் சில வாரத்தில் காய்ச்சலும் இருமலும் அடங்கிவிடும். ஆனால் வழக்கமான சிகிச்சை 6 மாதம். இருமல் நின்ற மகிழ்ச்சியில் சாட்சி சொல்லிவிட்டு மாத்திரையை விட்டால், பதுங்கிக் கிடக்கும் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரலாம். பக்கத்தில் படுக்கும் பேரப்பிள்ளைக்கும் அதே கிருமி போகலாம்.

வலி இல்லாவிட்டால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இதை நமக்குக் கற்றுக்கொடுத்தவர் வேலூரிலேயே வேலை செய்த ஒரு கிறிஸ்தவ டாக்டர், பால் பிராண்ட். 1946-இல் வேலூர் வந்து தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர் அவர். விரல்கள் தாமாக உதிர்வதில்லை, வலி உறைக்காததால் சூட்டிலும் காயத்திலும் நோயாளி அறியாமலே அழிகின்றன என்று கண்டார். கடைசிவரை வலியைக் கடவுள் தந்த வரம் என்றே சொல்லிவந்தார். அந்த வரத்தை ஒரு ராத்திரிக்கு மறக்கடிப்பதைச் சுகம் என்று யாராவது சொன்னால் உஷாராக வேண்டும்.

இந்த ஐந்தில் ஒன்று தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்

1. “மருந்தை நிறுத்து” என்பார்கள். நேரடியாகச் சொல்லாமல், “இரண்டு படகில் கால் வைக்காதே” என்று சுற்றிவளைத்தும் சொல்வார்கள். இன்சுலின், வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை, ஸ்டீராய்டு, இதய வால்வு மாற்றியவர்களின் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை, டயாலிசிஸ், இவற்றில் எதையும் டாக்டரைக் கேட்காமல் ஒரு தடவைகூட விடக்கூடாது.

2. சுகம் வராவிட்டால் பழியை நோயாளிமேல் போடுவார்கள். “விசுவாசக் குறைவு, மறைவான பாவம், முன்னோர் சாபம்” என்பார்கள். பிறவிக் குருடனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசுவே மறுத்தார். யோபுவின் நண்பர்கள் செய்த தப்பும் இதேதான். கடைசியில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மேல்தான் திரும்பியது.

3. காசு கேட்பார்கள். ஜெப எண்ணெய்க்கு ஒரு விலை, கைக்குட்டைக்கு ஒரு விலை, ‘விசுவாச விதை’க்கு ஒரு தொகை, திரையின் ஓரத்தில் க்யூஆர் கோடு. குஷ்டரோகம் நீங்கிய நாகமான் காணிக்கை நீட்டியபோது எலிசா தொடக்கூட மறுத்தார். பின்னாலேயே ஓடிப்போய் வெள்ளியும் துணியும் வாங்கிய வேலைக்காரன் கேயாசி அதே குஷ்டத்தை வாங்கிக்கொண்டு திரும்பினான். அதே வேதத்தில் இன்னொருவரும் இருக்கிறார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் விட்டுக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, அவனுக்காகத் தன் மடியிலிருந்து காசு கொடுத்த சமாரியன். யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். போனில் ஆசைகாட்டியோ மிரட்டியோ பணம் பறித்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

4. பரிசோதனை கூடாது என்பார்கள். “ஸ்கேன் எடுத்தால் அவிசுவாசம்” என்று பயமுறுத்துவார்கள். குஷ்டரோகிகளைச் சுகமாக்கிய இயேசு, போய் ஆசாரியனிடம் காட்டு என்றுதான் அனுப்பினார். அந்தக் காலத்தில் தோலைச் சோதித்து, நோய் நீங்கியது என்று சொல்லி ஊருக்குள் சேர்க்கும் பொறுப்பு ஆசாரியனுடையது. பிரான்சின் லூர்து திருத்தலத்தில் 1883 முதலே ஒரு மருத்துவ அலுவலகம் இருக்கிறது. குணமானேன் என்று ஆயிரக்கணக்கானோர் அங்கே சொல்லியிருக்கிறார்கள். டாக்டர்கள் ஆண்டுக்கணக்கில் அலசிய பிறகு, 1858-க்குப் பின் இன்றுவரை அற்புதம் என்று கத்தோலிக்க சபை ஏற்றவை எழுபதுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நிஜமான அற்புதம் ரத்தப் பரிசோதனைக்குப் பயப்படாது.

5. மனநோயைப் பேய் என்பார்கள். வீட்டாரிடமிருந்து பிரித்து, உபவாசம் என்று பட்டினி போட்டு, கட்டிவைத்து அடிப்பார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்கிறது. இது ஊழியத்தில் சேராது, குற்றம்.

படிக்காதவர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 2008-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி, கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை நோயால் நினைவிழந்து கிடந்தாள். பெற்றோர் டாக்டரைக் கூப்பிடாமல் சுற்றி நின்று ஜெபித்தார்கள். குழந்தை இறந்தது. பெற்றோர் குற்றவாளிகள் என்ற தீர்ப்பை 2013-இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர்கள் குழந்தையை வெறுத்தவர்கள் அல்லர். என் சித்திக்கு வந்த அதே அமிலம்தான் அந்தப் பிள்ளையையும் கொன்றது. எங்கள் வீட்டு வாசலுக்கு வண்டி வந்தது, அங்கே நேரத்துக்கு வரவில்லை.

வேதம் மருந்துக்கு எதிரியா?

“ஆசா ராஜா கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடினான், செத்தான்” என்று ஒரு வசனத்தை நீட்டுவார்கள். அங்கே குற்றம் அவன் கர்த்தரைத் தேடாமல் போனது, வைத்தியம் பார்த்ததல்ல. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது கடவுள் 15 வருட ஆயுளைக் கூட்டிக்கொடுப்பதாக வாக்களித்தார். வாக்கு வந்த கையோடு ஏசாயா தீர்க்கதரிசி என்ன செய்யச் சொன்னார்? அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே நாளில் வந்தன.

சுவிசேஷம் எழுதிய லூக்காவை வைத்தியர் என்றே பவுல் பிரியமாக அழைக்கிறார். வயிற்றுக் கோளாறால் அவதிப்பட்ட தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்லி எழுதுகிறார். துரோப்பீமு என்ற கூட்டாளியை நோயோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாகவும் ஒளிக்காமல் எழுதுகிறார். பவுலுக்கே உடம்பில் ஒரு முள் இருந்தது. எடுத்துப்போடும்படி மூன்று தடவை கெஞ்சினார். முள் போகவில்லை, அதைத் தாங்கும் கிருபை வந்தது. இன்றைய மேடைக்காரர்கள் கணக்குப்படி பவுலுக்கும் விசுவாசம் போதாது!

திண்டிவனத்தில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். மிஷனெரி குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணின் வாசலுக்கு ஒரே ராத்திரியில் மூன்று கணவன்மார் வந்தார்கள். மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. ஆண் டாக்டரை உள்ளே விட அவர்களுக்குச் சம்மதமில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த ராத்திரி ஐடா தூங்காமல் ஜெபித்தார். விடிந்தபோது கிடைத்த பதில், டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது. அமெரிக்காவில் படித்து முடித்து 1900-இல் வேலூருக்குத் திரும்பி ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் ஆரம்பித்தார். வேலூரின் இன்றைய சிஎம்சி மருத்துவமனை இவற்றிலிருந்து வளர்ந்தது. ஜெபிக்கிறவர்களுக்குக் கடவுள் ஸ்டெதஸ்கோப்பையும் கொடுப்பார் என்பதற்கு நம் மண்ணில் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அப்படியானால் விசுவாசம் எதற்கு?

மாத்திரை போகாத இடம் ஒன்று இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வார்டு விளக்கை அணைத்த பிறகு வரும் பயம், ‘எனக்கு ஏன்’ என்ற கேள்வி, பிள்ளைகளை நினைத்து நெஞ்சு அடைப்பது. லண்டனில் 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் ‘முழு வலி’ என்றார். உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா நான்கும் சேர்ந்து நோகிற வலி அது. ஆழ்ந்த கிறிஸ்தவர் அவர். நர்ஸாக இருந்து டாக்டரானவர். சாகப்போகிறவர்களுக்கு வலி திரும்ப வருமுன்னே வேளை தவறாமல் மார்ஃபின் கொடுக்கச் செய்தார். ஜெபத்துக்கும் அதே இல்லத்தில் இடம் வைத்தார். ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தவில்லை.

ஐசியூவிலிருந்து வந்த சித்தி ஒரு மாதம் வேதத்தைத் திறக்கவே இல்லை. “எனக்கு விசுவாசம் இல்லன்னுட்டாங்களே” என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சர்க்கரை செய்ததைவிடப் பெரிய காயம் அது. எங்கள் சபைப் போதகர் வந்தார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “ஊசி போட்டீங்களாம்மா?” என்று கேட்டுவிட்டு ஒரு சின்ன ஜெபம் சொன்னார். அன்றைக்குத்தான் அழுதாள். பிறகு கொஞ்சம் கஞ்சி குடித்தாள். நோயாளிக்குச் சபை தரக்கூடிய சமாதானம் இப்படித்தான் சத்தமில்லாமல் வரும்.

இன்றே செய்யுங்கள்

யார் ஜெபிக்க வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: “மாத்திரையைத் தொடரலாம்தானே?” ‘தாராளமா’ என்கிறவரை வீட்டுக்குள் உட்காரவையுங்கள். தயங்குகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சுகம் கிடைத்ததாகத் தோன்றினால் டாக்டரிடம் போய்ச் சோதியுங்கள். அவரே மருந்தைக் குறைத்தால் அதைவிட நல்ல சாட்சி ஏது?

நெஞ்சுவலி, பக்கவாதம், பாம்புக்கடி, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் வலிப்பு, இன்சுலின் போடுகிறவருக்கு நிற்காத வாந்தி என்றால் முதலில் 108. ஜெபத்தை வண்டிக்குள் உட்கார்ந்து செய்யலாம், கடவுளுக்குக் கேட்கும். மனம் உடைந்தவர்களுக்கு 14416-இல் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கிறது.

சர்க்கரை, புற்று, வலிப்பு, காசநோய் உள்ளிட்ட 54 நோய்களுக்கு மருந்தாலோ தாயத்து, மந்திரம் போன்ற மாயத்தாலோ குணம் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதல் தடவைக்கே 6 மாதம்வரை சிறை உண்டு. அப்படிப்பட்ட நோட்டீஸ் கைக்கு வந்தால் கிழித்துப் போடாமல் புகார் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் அம்மாவின், மாமனாரின், பெரியம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்கள். இருக்க வேண்டியதைவிட மாத்திரை மிச்சம் இருந்தால் சத்தம் போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “யார் நிறுத்தச் சொன்னா?” என்று மெதுவாகக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அதை யாரும் திங்கட்கிழமை கேட்கவில்லை.