‘பிறகு பார்க்கலாம்’ என்னும் பொத்தான்

கைபேசியோ கணினியோ இல்லாத இல்லம் இன்று அரிது. அவற்றைக் கையாளும் யாவரும் கண்டு சலித்த ஓர் அறிவிப்பு உண்டு. ‘புதிய அப்டேட் வந்துள்ளது; இப்பொழுதே நிறுவலாமா, பிறகு பார்க்கலாமா?’ என்பதே அது. நம்மில் பெரும்பாலோர் ‘பிறகு’ என்பதைத் தொட்டுவிட்டு அவரவர் வேலையைத் தொடர்கிறோம். அந்தப் ‘பிறகு’ பல வேளைகளில் வருவதே இல்லை. இதனை வெறுஞ் சோம்பல் என்று தள்ளிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. மக்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தில் மென்பொருளை ஆக்குவோருக்கும் பெரும் பங்குண்டு என்பதே நம் கருத்து.

முதலில், தாமதத்தால் விளையும் தீங்கு யாது எனக் காண்போம். மென்பொருள் மனிதர் எழுதுவது; ஆகவே அதில் பிழைகள் இருந்தே தீரும். சில பிழைகள் திருடன் நுழையும் துவாரங்களாகவும் அமைந்துவிடுகின்றன. நிறுவனம் அத்துவாரத்தை அடைக்கும் திருத்தத்தை வெளியிடும் நாளில் ஒரு விந்தை நிகழ்கிறது. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் திருடன், துவாரம் எங்கிருந்தது என்பதை அன்றே அறிந்துகொள்கிறான். ஆக, மருந்து வெளிவந்த பின்னர் அதனை உட்கொள்ளாதவருக்கே ஆபத்து மிகுதி.

2017-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த அத்தகைய துவாரம் ஒன்றை அடைத்தது. மே 12-ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் கணினிப் புழு அதே துவாரத்தின் வழியாகப் புகுந்து, சில நாட்களில் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது அதன் தொழில். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் சில, அவசர ஊர்திகளை வேறிடம் செல்லுமாறு திருப்பிவிட்டன. ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் இரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. நோயாளிகள் என்ன பிழை செய்தனர்? திருத்தமோ இரண்டு மாதங்களாக வாயிலில் காத்திருந்தது!

இத்தகைய இன்னல்களைக் கண்டபின், ‘கேட்டால்தானே மறுக்கிறார்கள், கேட்காமலே செய்துவிடுவோம்’ என்று எண்ணியோரும் உண்டு. 2015-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10, இல்லங்களில் பயன்படுத்துவோர்க்கு அப்டேட்டை அடியோடு மறுக்கும் எளிய வழி எதையும் தரவில்லை. எழுதிக்கொண்டிருந்த கடிதம் பாதியில் நிற்க, கணினி தானே அணைந்து மீண்டும் எழுந்தது என்னும் முறையீடுகள் பெருகின. 2016-இல் அதனினும் வியப்பான ஒன்று நடந்தது. பழைய விண்டோஸ் வைத்திருந்தோர்க்குப் புதியதற்கு மாறுமாறு ஒரு சாளரம் தோன்றிற்று. அதன் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடியவர்கள், தாம் மறுத்துவிட்டதாகவே எண்ணினர். ஆனால் குறித்த நேரத்தில் மாற்றம் நிகழ்ந்துவிட்டது. கதவைச் சாத்தியவரை ‘உள்ளே வருக’ என்று அழைத்தவராகக் கொள்வது எவ்வகை மரியாதை? எல்லை மீறிவிட்டதாக அந்நிறுவனத்தின் அதிகாரியே பின்னர் ஒப்புக்கொண்டார். இவ்வாறு ஒருமுறை ஏமாந்தவர், அடுத்த முறை உண்மையான பாதுகாப்புத் திருத்தம் வரினும் ஐயுறவே செய்வார். வற்புறுத்தலின் உண்மையான இழப்பு இதுவே என்போம்.

நிறுவனம் மெல்லத் தன்னைத் திருத்திக்கொண்டதையும் சொல்லியாக வேண்டும். நாம் வேலை செய்யும் நேரத்தைக் குறித்துவைத்தால் அவ்வேளையில் மறுதொடக்கம் செய்யாதிருக்கும் வசதி 2016-இல் வந்தது. 2019-இல், இல்லத்தாரும் 35 நாட்கள் வரை தள்ளிவைக்கலாம் என்றாயிற்று.

வற்புறுத்தலும் கெஞ்சலும் இன்றியே செய்யும் வழியும் உண்டு. 2008-இல் வெளிவந்த குரோம் உலாவி, திருத்தத்தைப் பின்னணியில் ஓசையின்றிப் பெற்றுக்கொண்டு, அடுத்த முறை திறக்கும்போது புதியதாக எழுகிறது. அதனைப் பெரும்பாலோர் எதிர்க்கவில்லை; ஏனெனில் அது அவர்தம் நேரத்தைப் பறிக்கவில்லை. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 கைக்கொண்ட முறை இன்னும் அழகியது. இரண்டு அறைகள் உள்ள வீட்டில் ஓர் அறையில் குடியிருந்துகொண்டே மற்றதற்கு வெள்ளையடிப்பது போன்றது அது. கைபேசி ஓர் இருப்பிடத்திலிருந்து இயங்க, மற்றொன்றில் புதிய பதிப்பு எழுதப்படுகிறது. மறுதொடக்கத்தின்போது புதிய அறைக்குக் குடிபெயர்கிறது. அங்குக் கூரை ஒழுகினால் பழைய அறைக்கே திரும்பிவிடுகிறது. அறை இரண்டானால் இடமும் கூடுதலாக வேண்டும் என்பது இதன் குறை.

ஆயினும், இவற்றை வகுப்போர் எல்லா இல்லங்களையும் மனத்திற்கொள்வதில்லை. ‘வை-ஃபை கிடைக்கும்போது தானே இறங்கும்’ என்னும் ஏற்பாட்டையே பாருங்கள். நம் ஊர்களில் நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என ரீசார்ஜ் செய்துகொள்ளும் குடும்பங்களுக்கு வை-ஃபை ஏது? அவர்தம் கைபேசி என்றென்றும் காத்துக்கிடக்கும். முதியோர் படும் பாடு வேறு. பாதுகாப்புக்கென வரும் திருத்தத்தோடு புதுத் தோற்றமும் சேர்ந்து வந்துவிட, நேற்றுவரை பேரனை அழைத்த பொத்தான் இன்று காணாமற் போகிறது. பூட்டை மாற்ற வந்தவர் அடுப்பங்கரைப் பாத்திரங்களை ஏன் இடம் மாற்றவேண்டும்? பாதுகாப்பையும் அலங்காரத்தையும் பிரித்தே அனுப்புவது நன்று.

செய்ததை ஒளியாமற் சொல்வதும் வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2017 ஜனவரியில் அனுப்பிய ஓர் அப்டேட், பேட்டரி பழையதான ஐஃபோன்களின் வேகத்தைக் குறைத்தது. திடீரென அணைந்துபோகாமற் காப்பதே நோக்கம் என்று நிறுவனம் விளக்கியது. ஆனால் அவ்விளக்கம் வந்தது டிசம்பரில். அதற்குள், புதிய கைபேசியை வாங்கச் செய்யும் சூழ்ச்சி என்னும் எண்ணம் பலர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. 2020-இல் பிரான்ஸ் அரசு அமைப்பு 250 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது, மக்களுக்கு அறிவிக்கத் தவறியதற்காகவே.

தானே வரும் திருத்தம் தானே கெடுத்துவிடவும் கூடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கிற்று. 78 நிமிடங்களில் அதனைத் திரும்பப் பெற்றுவிட்டனர். எனினும் முடங்கிய கணினிகளைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாக, ஆள் அருகே சென்றே மீட்க வேண்டியிருந்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டன. ஒரு சோறு பதம் பார்ப்பதுபோல் முதலில் சிலருக்கும், பின்னர் பலருக்கும் என்று படிப்படியாக அனுப்பியிருந்தால் சேதம் வெகுவாகக் குறைந்திருக்கும். அதன் பின்னரே அந்நிறுவனம் அம்முறையை இவ்வகைக் கோப்புகளுக்கும் கொண்டுவந்தது.

வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, பெற்றோரின் கைபேசியைச் சற்றுக் கையில் எடுத்துப் பார்க்கலாம். காத்துக்கிடக்கும் திருத்தங்களைத் தம் இணைப்பைக் கொண்டே இறக்கித் தரலாம். மறுதொடக்கத்திற்கு நேரம் குறிக்குமுன், அம்மா எத்தனை மணிக்குப் படுக்கச் செல்வார், விடியலில் எத்தனை மணிக்கு அலாரம் வைத்துள்ளார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.