கிரகணமும் தலைவர்களின் மரணமும்

840 மே 5-இல் ஐரோப்பாவில் முழுச் சூரிய கிரகணம். ஜூன் 20-இல் பிராங்கியப் பேரரசர் லூயி காலமானார். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியோ 1133 ஆகஸ்ட் கிரகணத்துக்குப் பிறகு 28 மாதம் வாழ்ந்தார். இரண்டையும் கிரகண பலன் என்றே இணைத்தார்கள். ஒன்றரை மாதமும் 28 மாதமும் ஒரே விதிக்குள் அடங்குமானால், எந்த மரணம்தான் அதற்கு வெளியே நிற்கும்? ஆண்டுக்குக் குறைந்தது நான்கு கிரகணங்கள். யார் இறந்தாலும் முந்தைய ஆறு மாதத்துக்குள் ஒரு கிரகணம் அகப்பட்டுவிடும்.

நம் நாட்டில் தெரியும் முழு கிரகணமே கணக்கு என்பார்கள். 1995 அக்டோபர் 24-இல் இந்தியாவில் தெரிந்தது. அன்றைய பிரதமர் நரசிம்ம ராவ் 2004 வரை வாழ்ந்தார். 1999 ஆகஸ்ட் 11-இல் தெரிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வாஜ்பாய் மீண்டும் பிரதமரானார். பலன் சொல்பவர்களிடம் இந்தத் தேதிகளையும் கேளுங்கள்.