கம்யூனிக்கே: அறிக்கை வந்தா ஆணை வந்த மாதிரியா?

இந்த எபிசோடுல ஒரே ஒரு சொல்லைப் பத்தித்தான் பேசப் போறேன். கம்யூனிக்கே.

கண்ணமங்கலத்துல எங்க சித்தப்பா பட்டுத்தறி நெய்றார். ஒருநாள் அவர் போனுக்கு ஒரு படம் வந்துச்சு. மேல சிங்க முத்திரை, நடுவுல ஆங்கிலத்துல 'பிரஸ் கம்யூனிக்கே', கீழ நெசவாளர் கடன் எல்லாம் தள்ளுபடின்னு நாலு வரி. "கவர்மெண்டே அறிக்கை விட்டுட்டாங்கடா"ன்னு சொல்லி அந்த மாசத் தவணையைக் கட்டலை. அடுத்த மாசமும் கட்டலை. அப்புறம்தான் தெரிஞ்சுது, யாரோ செஞ்சு விட்ட பொய்ப் படம். வட்டி மட்டும் நிஜம்.

அப்போ அவர் கேட்டார்: "சரி, அது நிஜமான அறிக்கையாவே இருந்திருந்தா கடன் போயிருக்குமா?" எனக்குப் பதில் தெரியலை. அதுக்காகத் தேடிப் படிச்சதுதான் இது.

முதல்ல உச்சரிப்பு. பிரெஞ்சுல எழுதும்போது கடைசி எழுத்து மேல ஒரு சின்னக் கோடு இருக்கும். அதனால 'கம்யூனிக்'னு முடிக்கக் கூடாது, 'கே'ன்னு முடிக்கணும். நானே ரொம்ப நாள் தப்பாத்தான் சொல்லிட்டிருந்தேன். 'தெரிவிப்பது'ங்கிற பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல், 'தெரிவிக்கப்பட்டது'ன்னு பொருள். அதுக்கும் அடியில லத்தீன் சொல் 'கம்யூனிஸ்' இருக்கு. அப்படின்னா பொது. கம்யூனிட்டி, கம்யூனிகேஷன், கம்யூனிசம் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைங்கதான். நம்ம தண்டோராக்காரர் 'இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்'னு ஆரம்பிப்பாரே, அந்தச் 'சகலமானவர்களுக்கும்'தான் இந்தச் சொல்லோட உயிர். (மனுஷங்களைப் பறையடிக்க வெச்சு தண்டோரா போடுறதை நிறுத்தச் சொல்லி 2022-ல தமிழ்நாடு தலைமைச் செயலாளர் கடிதம் அனுப்பினார். நல்ல காரியம்.)

இதுல அதிகார வாசனை ஏறுனது பிரான்ஸ்ல. 1852-ல மூணாம் நெப்போலியன் பத்திரிகைகளுக்கு ஒரு சட்டம் போட்டார். அரசாங்கம் அனுப்புற தகவலையும் மறுப்பையும் பத்திரிகையோட முகப்புல, காசு வாங்காம போட்டே ஆகணும். அப்படி வந்த குறிப்புங்களுக்குத்தான் கம்யூனிக்கேன்னு பேர். முதல் உலகப் போர்ல ராணுவங்க தினமும் விட்ட போர்ச் செய்தியால உலகம் பூரா பழகிடுச்சு.

அந்த வாசனை இங்கயும் கொஞ்சம் இருக்கு. நம்ம ஊர் இதழியல் பாடத்துல மூணு வகை சொல்லித் தருவாங்க. பெரிய நியமனம், வெளிநாட்டு ஒப்பந்தம் மாதிரி விஷயத்துக்குக் கம்யூனிக்கே. அதைப் பெரிசா மாத்தாம அப்படியே போடணும். விலை, கட்டணம் மாதிரி விஷயத்துக்கு பிரஸ் நோட், அதைச் சுருக்கிக்கலாம். அன்றாடச் சேதிக்கு ஹேண்டவுட். ஆளுநர் நியமனம்னா இன்னிக்கும் குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து வர்றது பிரஸ் கம்யூனிக்கேதான்.

தமிழ்ல இதை எப்படிச் சொல்றோம்? ரெண்டு நாடு சேர்ந்து விட்டா கூட்டறிக்கை. மத்தபடி அறிக்கை. சிக்கலே இங்கதான்னு நினைக்கிறேன். கட்சித் தலைவர் விடுறதும் அறிக்கை, தேர்தல் வாக்குறுதியும் அறிக்கை, பட்ஜெட்டும் நிதிநிலை அறிக்கை, கமிஷன் கொடுக்கிறதும் அறிக்கை. இத்தனைக்கும் ஒரே பேர் வெச்சா, தறியில உக்காந்திருக்கிறவர் எதைன்னு நம்புவார்?

சித்தப்பா கேள்விக்கு வரேன். கம்யூனிக்கேயோட வேலை தெரிவிக்கிறதோட முடிஞ்சுது. மாநில அரசோட முடிவு நடைமுறைக்கு வரணும்னா அரசாணை வேணும். அரசியலமைப்புச் சட்டம் 166-வது பிரிவுப்படி அது ஆளுநர் பேர்ல வரும். எண், தேதி, துறை எல்லாம் இருக்கும். கைத்தறிக்கு இலவச மின்சாரம் 200 யூனிட்டிலிருந்து 300 ஆனது 2023-ல. சித்தப்பா அதை டிவியில பார்த்தார், ஆனா நம்பினது கரண்ட் பில்லைக் கையில வாங்கிப் பார்த்த பிறகுதான். கடன் விஷயத்துல மட்டும் ஏன் அவசரப்பட்டார்னு கேட்டா, "ஆசைடா"ன்னார்.

இப்பல்லாம் எதாவது படம் வந்தா எனக்கு அனுப்பிட்டு ஒரே வார்த்தைதான் கேக்குறார்: "ஜி.ஓ. நம்பர்?"