வாய்க்கால் கரைக்கு மண் சிமெண்ட் கலவை

தென்காசி, குற்றாலம் பகுதியில் சாரலும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்க, இடையே வெயில் காய்ச்ச, மண் வாய்க்கால் கரைகள் விரைவில் கரைகின்றன. மண்ணில் சிமெண்ட் கலந்து இடித்தால் கரை நிலைக்கும். ஆனால் அளவு மண்ணுக்கு மண் மாறும்.

மணற்பாங்கான மண்ணுக்கு எடையில் 100க்கு 5 முதல் 9 பங்கு சிமெண்ட் போதும்; களிமண்ணுக்கு 10 முதல் 16 பங்கு வேண்டும். மட்கு நிறைந்த மேல்மண் ஆகாது.

செம்மண்ணில் 6, 8, 10 பங்கு கலந்து, இடித்து, மூன்று கட்டிகள் செய்து 7 நாள் ஈரத்தில் வைக்கவும். பின் 5 மணி நேரம் ஊறவைத்து, 2 நாள் உலர்த்தி, கம்பி பிரஷால் தேய்க்கவும். 12 முறை செய்தபின், உலர்ந்த எடையில் 100க்கு 7 பங்குக்கு மேல் இழக்காத கட்டிகளுள் சிமெண்ட் குறைந்ததே சிக்கனமானது. சோதனைக்கு 5 வாரம் ஆகும். பங்குனித் தொடக்கத்திலேயே செய்தால் சாரலுக்கு முன் வேலை முடியும்.