பட்டறைக்கு வந்த ஆடிட்டர்

கும்பகோணத்துக்கு அண்மையில் உள்ள நாச்சியார்கோவிலில், காவிரியின் வண்டல் மண்ணில் அச்செடுத்து, பித்தளையை உருக்கி வார்த்து, கடைசல் பிடித்து, அடிப்பாகம், தண்டு, அகல், உச்சியில் அன்னம் என்று தனித்தனியே செய்த பாகங்களைத் திருகிப் பூட்டிக் குத்துவிளக்காக நிறுத்தும் தொழிலைப் பரம்பரையாகச் செய்துவரும் குடும்பங்களில் ஒன்று எனக்கு நெடுநாளாகப் பழக்கம். தகப்பனார், இரண்டு குமாரர்கள், மூத்த மருமகள், கூலிக்கு நான்கு பேர். முன்கட்டில் பட்டறையும் பின்கட்டில் வீடுமாக ஒரே கூரையின் கீழ் ஜீவனம். உலை ஓயாமல் எரிந்தும், கேட்ட சரக்கைக் கேட்ட நாளில் அனுப்பியும், ஆடி பிறந்தால் வீட்டுப் பெண்களின் நகை அடகுக் கடைக்குப் போவதும், தை பிறந்தால் திரும்புவதும், மழையும் வெயிலும் மாறி வருவது போல அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தன. வேலையில் குறையில்லாத கைகளுக்கு ஏன் இந்த முட்டுப்பாடு என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

அதை விளங்க வைத்தவர், ஆண்டுக்கொரு முறை வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துகொடுத்துவந்த கும்பகோணத்து ஆடிட்டர். ஒரு வருஷம், பை நிறையப் பில்களைக் கொண்டுவந்து கொட்டிய பெரியவரிடம், "காகிதத்தைப் பார்த்தது போதுங்க, உங்க பட்டறையை நான் ஒருநாள் பார்க்கணும்" என்று சொன்னவர், சொன்னபடியே வந்து, ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, காலை முதல் மாலை வரை வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்கத் தொடங்கியது சாயங்காலம்தான்.

"ஐயா, இந்தச் சின்ன விளக்குக்குக் கடைசல்ல உங்க பையன் எவ்வளவு நேரம் உட்கார்றாரு?"

"அதையெல்லாம் யாருங்க எண்ணிக்கிட்டிருக்கா? வீட்டுப் பிள்ளைதானே!"

"அந்தப் பிள்ளை இல்லேன்னா, அந்த இடத்துல ஒரு ஆளை வைக்க எவ்வளவு கூலி கொடுப்பீங்க?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. பித்தளை விளக்கைக் கிலோக் கணக்கில் விலை பேசி விற்பது வழக்கம். அந்த வழக்கப்படியே அரைக் கிலோ விளக்குக்கும் ஐந்து கிலோ விளக்குக்கும் கிலோவுக்கு ஒரே விலையைப் போட்டுவந்தார்கள். ஆனால் பத்து மடங்கு எடையுள்ள பெரிய விளக்குக்குக் கடைசலும் மெருகும் சேர்ந்து மூன்று மடங்கு நேரம்தான் பிடிக்கிறது என்பதை அன்று ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்தே ஆடிட்டர் குறித்துக்கொண்டிருந்தார். ஆகவே, கல்யாணங்களில் தாம்பூலத்தோடு கொடுக்கவென்று ஆயிரக்கணக்கில் கேட்கப்படுவதும், குடும்பம் பெருமையோடு ஏற்றுக்கொண்டதுமான சின்ன விளக்குகள், இளைய குமாரனின் கூலியைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் நஷ்டத்திலேயே வாசலைக் கடந்து போயின. கூலி கேட்காத பிள்ளையின் உழைப்புதான் அந்த நஷ்டத்தை மூடி மறைத்து வந்திருக்கிறது. உலோகத்துக்கு எடை, வேலைக்கு நேரம் என்று இரண்டையும் பிரித்து விலை வைக்கும் முறை அப்படித்தான் அங்கே பிறந்தது.

இந்த இடத்தில் என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிதி ஆலோசகர் என்றால் வரியைக் குறைத்துக் கொடுப்பவர் என்றும், கடன் வாங்கிக் கொடுப்பவர் என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். அவர் முதன்மையாகச் செய்ய வேண்டியது, வீட்டார் தமக்குள் பேசக் கூசுவதை வெளியாளாக நின்று கேட்பது. தகப்பனிடம் மகன் தன் கூலியைப் பற்றிப் பேசமாட்டான்; அண்ணன் எடுத்த பணத்தைத் தம்பி கேட்கமாட்டான்; மருமகள் எதையுமே கேட்கமாட்டாள். அப்படிக் கேட்கும் உரிமை விசுவாசத்தினால் வருவது. அந்த விசுவாசத்துக்குச் சட்டமும் ஒரு வேலி போட்டிருக்கிறது. 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம், கட்சிக்காரரின் விவகாரத்தை அவர் சம்மதமோ சட்டத்தின் கட்டாயமோ இன்றி வெளியே சொல்வதையும், விதிகள் அனுமதித்த சில சந்தர்ப்பங்கள் நீங்கலாக லாபத்தில் இத்தனை பங்கு என்று கட்டணம் வாங்குவதையும் தொழில் ஒழுக்கக்கேடாகவே வைத்திருக்கிறது. முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று செபி 2013-இல் வகுத்த விதிகளும், ஆலோசனை சொல்பவர் கட்சிக்காரரிடமன்றித் தாம் சிபாரிசு செய்யும் திட்டத்தை விற்பவரிடம் கூலி வாங்கலாகாது என்ற கொள்கையையே அடிப்படையாகக் கொண்டவை. கடனோடு சேர்த்துக் காப்பீட்டுப் பத்திரத்தையும் தலையில் கட்டுகிறவருக்கும், இரண்டும் இப்போது வேண்டாம் என்று சொல்லக்கூடியவருக்கும் உள்ள வித்தியாசம், அவருடைய கூலி எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதில்தான் இருக்கிறது.

பட்டறையின் அடுத்த நோய் பாக்கி. மாதம் நான்கு லட்சம் ரூபாய்க்குச் சரக்கு போகும். அதை வாங்கும் ஐந்து கடைக்காரர்களும் பணம் கொடுக்க நான்கு மாதம் எடுத்துக்கொள்வார்கள். ஆக, எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் 16 லட்சம் ரூபாய் பிறர் கடையில் கிடந்தது; பித்தளையோ ரொக்கத்துக்குத்தான் கிடைக்கும். நடுவே விழுந்த பள்ளத்தை நிரப்ப, இரண்டு வட்டிக்கு வாங்கிய ஐந்து லட்சத்துக்கு மாதந்தோறும் 10,000 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. விற்பனை பெருகினால் எல்லாம் சரியாகும் என்று பெரியவர் நம்பினார். விற்பனை பெருகப் பெருகப் பாக்கியும் பள்ளமும் சேர்ந்தே பெருகும் என்பதை ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார் ஆடிட்டர்.

காட்டியதோடு நில்லாமல், குறு, சிறு தொழில்களுக்கான செலவில்லாத உத்யம் பதிவை முதலில் செய்வித்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடச் சொன்னார். குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள்ளும் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுத்தாக வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி உண்டு என்றும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2023-24 கணக்காண்டு முதல், அந்தக் கெடு தாண்டிய பாக்கியைப் பணம் கொடுக்கும் வரை செலவாகக் காட்டி வரிக் கழிவு பெற வாங்கியவருக்கு வழியில்லை. "சட்டத்தைக் காட்டினா நாளைக்கு ஆர்டர் வராதுங்க" என்று பெரியவர் பதறியதில் நியாயம் இருந்தது. அதனால், மிரட்டும் கடிதம் எதுவும் போகவில்லை. ஒரு மாதத்துக்குள் கொடுத்தால் ஒரு விலை, பிந்தினால் வேறு விலை என்ற விநயமான கடிதம்தான் போனது. அப்படியும் ஐவரில் ஒருவர், முப்பது வருஷத்துப் பழக்கமுள்ளவர், வேறு பட்டறையைத் தேடிப் போய்விட்டார். அந்த வருத்தம் பெரியவர் மனத்தில் இன்றும் இருக்கிறது. மற்ற நால்வரிடமும் பாக்கி பாதிக்கும் கீழே இறங்கி, இரண்டு வட்டிக் கடன் அந்த வருஷமே தீர்ந்தது.

இவற்றையெல்லாம்விடக் கடினமாக இருந்தது, வீட்டுப் பணத்தையும் பட்டறைப் பணத்தையும் பிரித்தது. பள்ளிச் சம்பளமும் பித்தளை விலையும் ஒரே டப்பாவிலிருந்து எடுக்கப்பட்ட அந்த வீட்டில், பெரியவர் உட்பட ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் என்ற பேச்சு எழுந்தபோது, குடும்பத்தைக் கூறு போடுகிறார் என்று ஆடிட்டர்மேல் கோபம் வந்தது. ஆனால் இது நம் மண்ணுக்குப் புதிய யோசனை அன்று. கடல் கடந்து பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார், ஒரே பெரிய வீட்டில் வாழ்ந்தும், மணமான ஒவ்வொரு மகனையும் தனிப் புள்ளியாகக் கொண்டு, தனி அடுப்பும் ஆண்டுப்படியும் கொடுத்துவைத்தார்கள். பங்காளிகள் போட்ட முதல்பணம் வேறு, அதற்குமேல் அவர்கள் கொடுத்துவைத்த மேம்பணம் வேறு என்று பேரேட்டில் பிரித்தே எழுதினார்கள். சொந்தப் பணத்தையும் அந்நியர் பணம்போல் கணக்கில் வைத்ததனால்தான் அவர்களுடைய கூட்டு நெடுங்காலம் நிலைத்தது என்று நான் நினைக்கிறேன். ஆடிட்டர் இந்தச் சரித்திரத்தைச் சொன்ன பிறகே பெரியவர் இணங்கினார். வீட்டுக் கணக்கை இப்போது மூத்த மருமகள் எழுதுகிறாள். பட்டறைக் கணக்கில் பிழை கண்டுபிடிப்பவளும் அவளே.

இவ்வருஷம் பிறந்ததும், கும்பகோணத்தில் சொந்தக் கடை திறக்க வேண்டும் என்று இளைய குமாரன் ஆசைப்பட்டான். சொத்து ஈடு கேட்காமல், அரசின் உத்தரவாத நிதியைக் கொண்டு வங்கி கடன் கொடுக்கும் வழியும் இருக்கிறது. ஆடிட்டர் சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. "கடை வாடகை 18,000 கேட்கிறாங்க, இல்லையா தம்பி? கடை திறந்துட்டதாவே வச்சுக்குவோம். மாசம் அஞ்சாந்தேதி அந்தப் பணத்தைத் தனிக் கணக்குல போட்டுட்டு வாங்க. ஒரு வருஷம் பட்டறை அதைத் தாங்குதான்னு பார்ப்போம்" என்றார்.

சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் பணம் தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆடி இனிமேல்தான் வர வேண்டும்.