பத்துக்கு எத்தனை வலி?

எலும்பில் புற்று பரவிய ஒருவரைக் கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடியிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது லேசான காரியமில்லை. வழியிலுள்ள ஒவ்வொரு வேகத்தடையும் அவர் முதுகெலும்பில் தெரியும். போய்ச் சேர்ந்து, சீட்டு வாங்கி, காத்திருந்து உள்ளே போனால் முதலில் வரும் கேள்வி: "வலி பத்துக்கு எத்தனை இருக்கு?" இந்தப் பதிலைக் கட்டிலில் படுத்தபடியே சொல்லியிருக்கலாம். அதைத் தினமும் சொல்ல முடிந்தால் எவ்வளவு மாறும் என்பதுதான் வியப்பு.

1991இல் கனடாவின் எட்மன்டன் நகரில் எடுவர்டோ புருவேராவும் சக மருத்துவர்களும் ஓர் அளவுகோல் செய்தார்கள். வலி, மூச்சிரைப்பு, குமட்டல், பசியின்மை, மனக்கலக்கம் என ஒவ்வொன்றுக்கும் நோயாளியே எண் கொடுப்பார். என் வலி 7, உங்கள் வலி 5 என்று ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒரே ஆளின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடும்போதுதான் எண் பேசத் தொடங்குகிறது. இந்த வலிக்கு வாயால் விழுங்கும் சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும். வலி தினமும் விடியற்காலை ஏறினால், ராத்திரி வேளை மருந்து போதவில்லை என்று பொருள். குளிப்பாட்டும்போது மட்டும் ஏறினால், குளிக்கும் முன் ஒரு மாத்திரை தரச் சொல்லலாம். மாதத்துக்கு ஒரு முறை பார்க்கும் மருத்துவர் கண்ணில் இது படாது. வீட்டார் வாட்ஸ்அப்பில் நேரம் போட்டு அனுப்பும் எண்களில் பளிச்சென்று தெரியும்.

இப்படிக் கேட்டுப் பதிவது பயன் தரும் என்பது வெறும் நம்பிக்கையல்ல. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், பரவிய புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுத்துவந்த 766 பேரை வைத்து ஈத்தன் பாஷ் குழு ஆய்வு செய்தது. ஒரு பிரிவினர் தங்கள் உபாதைகளைக் கணினி வழியே தாங்களே பதிந்தார்கள். ஏதாவது மோசமானால் செவிலியருக்கு மின்னஞ்சல் போகும். 2017இல் முடிவு வந்தது. பதிந்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 26 மாதம். புது மருந்து எதுவும் தரப்படவில்லை. கேட்டார்கள், கேட்டதும் கவனித்தார்கள். கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு இதே கணக்கைப் பொருத்த முடியாது. அவருக்கு வேண்டியது ஆயுள் அல்ல, ராத்திரி உறக்கம்.

எண் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். "எரியுது, கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு" என்று ஒரு பாட்டி குரல்பதிவு அனுப்பினால், நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மருத்துவர் யோசிப்பார். அதற்கு கபாபென்டின் போன்ற வேறு வகை மருந்து வேண்டும். "கடுக்குது" என்றால் கதை வேறு. அவர் சொன்னதை மகன் திருத்திச் சொல்லாமல், அவர் குரலே போய்ச் சேருவது எத்தனை நல்லது!

திரையால் ஆகாத வேலைகளும் உண்டு. வீடு தேடி வரும் தமிழக அரசின் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. நோய் ஆதரவு சிகிச்சை தரும் செவிலியர் வீட்டுக்கே வருவது இதன் ஒரு பகுதி. புண்ணுக்குக் கட்டு மாற்றவும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுத்தரவும் அந்தக் கைகள்தான் வேண்டும். செல்பேசியை மட்டும் நம்பவும் முடியாது. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டியபோது, மின் நிலையம் உள்ள நெய்வேலி பக்கத்திலேயே இருந்தும் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் வலி எண்களை ஒரு நோட்டிலும் எழுதி வைப்பது அவசியம்.

பெரிய தடை வேறிடத்தில் இருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ விதிகளின்படி, போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்தை வீடியோவில் பார்த்து எழுதித்தர முடியாது. மார்ஃபின் அதில் அடங்கும். வலி 9 என்று திரையில் தெரியும். மாத்திரைக்குச் சீட்டு வராது. 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதை எளிதாக்கினார்கள். ஆனால் அதைத் தயங்காமல் எழுதும் மருத்துவர் பக்கத்தில் வேண்டுமே?

வீடியோவின் மிகப் பெரிய பயன் இங்கேதான் என்று நினைக்கிறேன். 2003இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா தொடங்கிய எக்கோ முறையில், நிபுணர் திரையில் சந்திப்பது நோயாளியை அல்ல, சிற்றூர் மருத்துவர்களை. அவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசுவார்கள், அதிலிருந்தே எல்லாரும் கற்பார்கள். திருவனந்தபுரத்தின் பாலியம் இந்தியா இதே வழியில் வலி நிவாரணம் கற்றுத்தருகிறது. குறிஞ்சிப்பாடி மருத்துவர் ஒருவர் அப்படிக் கற்றுவிட்டால், நேரில் பார்த்து, சட்டப்படி, அன்றைக்கே மார்ஃபின் எழுதித்தர அவரால் முடியும்.