உறைய வைத்து உலர்த்தும் இயந்திரம்: நம் இல்லத்துக்குத் தேவைதானா?



ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து பத்து நாட்கள் கழிந்திருக்கும். முகப்பேரில் அஸர் தொழுகையை நிறைவேற்றிவிட்டு, மக்தப் பிள்ளைகளின் வருகைக்காகக் காத்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். அவருடைய பேரன் என்னிடம் ஓதுகிறான். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஹஜ்ரத், நீங்கள் கல்லூரியில் படித்தவர். இதைப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லுங்கள்" என்றார்.

அது ஓர் இயந்திரத்தின் விலை விவரம். 'ஃப்ரீஸ் டிரையர்' என்று எழுதியிருந்தது. தமிழில் உறைநிலை உலர்த்தி எனலாம். கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேர்த்து, வீடு வந்து சேரும்போது நான்கு இலட்சம் ரூபாய் ஆகும் என்று அடியில் கூட்டிப் போட்டிருந்தார்கள். அவர் சேமித்த பணத்தில் அது பெரும் பகுதி என்பதை நான் அறிவேன். வீட்டில் மிஞ்சும் உணவும் குர்பானி இறைச்சியும் வீணாகாமல் காக்கலாம். மனைவி உலர் உணவு தயாரித்து விற்றால் ஒரு வருமானமும் கிடைக்கும். இவை அவருடைய எண்ணங்கள்.

நான் படித்தது கலைப் பாடமே தவிர இயந்திரவியல் அன்று. ஆகவே ஒரு வார அவகாசம் கேட்டேன். நூலகத்தில் படித்தும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் குளிர்சாதன வேலை அறிந்த ஒருவரிடம் விசாரித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை உங்களிடமும் பகிர்ந்துகொள்கிறேன். ஏனெனில் இந்தக் கேள்வி இன்று அவருக்கு எழுந்தது. நாளை உங்கள் வீட்டிலும் எழலாம்.

பனிக்கட்டி ஆவியாகும் விந்தை

நம் வீட்டுப் பெட்டிகளில் துணிகளுக்கிடையே போடும் அந்துருண்டையைக் கவனித்திருப்பீர்கள். அது உருகி நீராவதில்லை. நாளடைவில் சிறுத்துக் காற்றோடு கலந்து மறைந்துவிடுகிறது. பனிக்கட்டியையும் இவ்வாறே உருகவிடாமல் நேராக ஆவியாக்க முடியும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சாதாரணமாக நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரச அளவு. அதை ஏறத்தாழ 4.6 மில்லிமீட்டருக்கும் கீழே குறைத்துவிட்டால், நீர் திரவ நிலையில் இருக்கவே இயலாது. ஒன்று பனிக்கட்டியாக இருக்கும். அல்லது ஆவியாக இருக்கும்.

இந்த இயந்திரம் செய்வதும் அதுவே. தட்டுகளில் பரப்பிய உணவைப் பூச்சியத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் கூடுதலான குளிரில் உறைய வைக்கிறது. பின்னர் ஒரு பம்பு உள்ளிருக்கும் காற்றை இழுத்து வெளியேற்றுகிறது. அதன்பின் தட்டுகளை மெல்லச் சூடேற்றினால், உணவிலுள்ள பனி ஆவியாகக் கிளம்பிச் சென்று, குளிர்ந்த உட்சுவரில் மீண்டும் பனியாகப் படிந்துவிடுகிறது. ஒரு முறை உலர்த்தி முடிக்க 20 முதல் 40 மணி நேரம் ஆகும். உணவின் வடிவமும் நிறமும் பெரிதும் மாறுவதில்லை. நீர் ஊற்றினால் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

மலைமக்கள் முதல் மருந்துச் சாலை வரை

இது முற்றிலும் புதிய கலையன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள், உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறைய வைத்து, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, பகல் வெயிலில் உலர்த்தும் வழக்கத்தைப் பல நூற்றாண்டுகளாகக் கொண்டுள்ளனர். அறிவியல் முறையில் 1906ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அர்சோன்வால், போர்தா ஆகிய இருவர் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து காட்டினர். இரண்டாம் உலகப் போரின்போது, காயமுற்றோருக்கான இரத்தத் திரவத்தைத் தூளாக்கிப் போர்முனைக்கு அனுப்ப இம்முறை பெரிதும் பயன்பட்டது.

பெரியம்மையை ஒழித்த வரலாற்றிலும் இதற்குப் பங்குண்டு. 1950களில் இலண்டன் லிஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த லெஸ்லி கோலியர், வெப்ப நாடுகளிலும் கெடாத உலர் தடுப்பு மருந்தைப் பெருமளவில் தயாரிக்கும் வழியைக் கண்டார். 1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் இடது தோளில் போடப்படும் பி.சி.ஜி. ஊசியும் இவ்வாறு உறைய வைத்து உலர்த்திய தூளைக் கரைத்துப் போடுவதுதான். அதற்கென்றே 1948ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஆய்வுக்கூடம் நம் சென்னைக் கிண்டியில் இருக்கிறது.

உணவுத் துறையில், மைசூரில் 1961ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கழகம், பனிமலைகளில் காவல் புரியும் வீரர்களுக்காக எடை குறைந்த உலர் உணவுகளை உருவாக்கியிருக்கிறது. 1984இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குச் சென்றபோது அவருக்கு இந்திய உணவு வழங்கியதும் அக்கழகமே.

ஆக, தடுப்பு மருந்து, போர்முனை, பனிமலை, விண்வெளி ஆகிய இடங்களில் இம்முறை செலவை மீறிய பலனைத் தந்திருக்கிறது. அங்கெல்லாம் புதிய பொருள் கிடைக்காது. எடை ஒரு சுமை. கெட்டுப் போனால் உயிருக்கே ஆபத்து. முகப்பேரில் நம் நிலை என்ன? கூப்பிடு தூரத்தில் காய்கறிக் கடை. சற்றுத் தொலைவில் கோயம்பேடு சந்தை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வீட்டுக்கு வந்தபோது

தொழிற்சாலைகளுக்கு மட்டுமே உரியதாயிருந்த இவ்வியந்திரத்தை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஹார்வெஸ்ட் ரைட் என்னும் நிறுவனம் 2010களில் வீட்டு உபயோகத்துக்கென விற்கத் தொடங்கியது. அங்கே அளவுக்கேற்ப இதன் விலை 2,000 டாலரைத் தாண்டி 5,000 டாலர் வரை செல்லும். பெரிய தோட்டமும், ஆண்டில் பாதி பனியும், கடைக்குப் பல மைல் பயணமும் உள்ள குடும்பங்கள் வாங்குகின்றன. உரிய முறையில் அடைத்து வைத்தால் 25 ஆண்டுகள் வரை உணவு கெடாது என்று விளம்பரம் செய்கிறார்கள்.

நம் நாட்டில் வாங்க எண்ணுவோர் சிலவற்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட்; நம்முடையது 230 வோல்ட். ஆகவே நம் மின்சாரத்துக்கு ஏற்ற வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பழுதானால் பார்த்துத் தருபவர் உள்ளூரில் இருக்கிறாரா என்பதும் கேள்வி. பம்புக்கு எண்ணெய் மாற்ற வேண்டும். இயந்திரம் ஒன்றரை நாள் ஓயாமல் இரையும். அறைக்குள் வெப்பத்தையும் கக்கும். மே மாத வெயிலில் நம் சமையலறையில் வைத்தால் இயந்திரம் திணறும்; அதைக் குளிர்விக்க இன்னொரு குளிர்சாதனம் வேண்டும்! இடையில் மின்சாரம் நெடுநேரம் நின்றுவிட்டால், உறைந்த உணவு இளகி, செய்த வேலை வீணாகும்.

இதனினும் முக்கியமானது நம் ஊர்க் காற்றின் ஈரம். உலர்ந்த உணவு பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்தது. வெளியில் எடுத்த சில நிமிடங்களிலேயே ஈரத்தை உறிஞ்சத் தொடங்கிவிடும். எனவே அலுமினியத் தாள் பதித்த பைகளில், உயிர்வாயுவை உறிஞ்சும் சிறு பொட்டலங்களையும் இட்டு உடனே அடைக்க வேண்டும். இச்செலவும் தனி.

எல்லா உணவும் இதற்கு ஒத்து வராது. கொழுப்பு உலர்வதில்லை. நெய் மிதக்கும் பிரியாணியும், எண்ணெய் மிதக்கும் குழம்பும், கொழுப்புள்ள இறைச்சியும் நாளடைவில் காறல் வாடை அடித்துவிடும். தேனும் ஜாமும் இதில் உலர்வதில்லை. தாய்மார்கள் மறக்கக் கூடாத செய்தி மற்றொன்று உண்டு. இம்முறை கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. நீர் பட்டதும் அவை விழித்துக்கொள்ளும். பச்சை இறைச்சியை உலர்த்தினால் அது உலர்ந்த பச்சை இறைச்சியே. நன்றாக வேக வைத்துத்தான் உண்ண வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

பெரியவரும் நானும் ஒரு தாளில் கணக்கிட்டோம். நடுத்தர இயந்திரம் ஒன்றில் ஒரு முறைக்கு நான்கு கிலோ உணவு வைக்கலாம் என்று கொள்வோம். அது சராசரியாக ஒரு கிலோவாட் மின்சாரம் எடுத்து 30 மணி நேரம் ஓடினால் 30 யூனிட். தமிழகத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிய வீடுகளுக்கு, தாண்டிய ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். குளிர்சாதனம் உள்ள வீடுகள் கோடையில் அந்த எல்லையை எளிதில் தாண்டும். எனவே ஒரு முறைக்கு மின்சாரம் மட்டும் சுமார் 240 ரூபாய்.

தக்காளி மலிந்து கிலோ இருபது ரூபாய்க்கு விற்கும்போது நான்கு கிலோ வாங்கி உலர்த்துகிறோம் என்று வையுங்கள். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு நீர். முடிவில் கிடைப்பது கால் கிலோ. எண்பது ரூபாய்த் தக்காளியைக் காக்க 240 ரூபாய் மின்சாரம்!

இனி இயந்திரத்தின் விலை. நான்கு இலட்ச ரூபாய் இயந்திரம் பத்து ஆண்டுகள் உழைக்கும் எனக் கொள்வோம். வாரம் ஒருமுறை, ஆண்டுக்கு ஐம்பது முறை ஓட்டினால், ஒவ்வொரு முறைக்கும் 800 ரூபாய் விழும். ஆண்டுக்குப் பத்து முறை மட்டும் ஓட்டினால் 4,000 ரூபாய். ஓட்டாமல் போர்த்தி வைத்தால்? அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை. வளைகுடாவிலிருந்து ஆசையாய்க் கொண்டுவந்து, இன்று பரண்மேல் தூங்கும் மின் கருவிகள் நம் வீடுகளில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

எவருக்குப் பயன்படும்?

ஆயினும் இதை வீண் பொருள் என்று தள்ளிவிடவும் கூடாது. சொந்தத் தோட்டத்தில் மாவும் பலாவும் விளைந்து விலை போகாமல் அழுகும் குடும்பம், குழந்தைகளுக்கான பழத்துண்டுகள் போன்ற உயர்ந்த விலைப் பொருளுக்கு உறுதியான வாடிக்கையாளரைப் பெற்றவர், செலவைப் பகிர்ந்துகொண்டு மாதம் முழுவதும் ஓட்டக்கூடிய பெண்கள் குழு ஆகியோருக்கு இது பலன் தரக்கூடும். ஆனால் விற்பனைக்கென்றால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெறவேண்டும். தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று இயங்குகிறது. உணவுத் தொழில் தொடங்குவோருக்கு அங்கே பயிற்சியும் வழிகாட்டலும் கிடைக்கின்றன. இயந்திரத்தை முதலில் வாங்கி, வாடிக்கையாளரைப் பின்னர் தேடுவது தலைகீழ் வழி. வாடிக்கையாளரை முதலில் தேடுங்கள்.

குர்பானி இறைச்சி

பெரியவர் மனத்தில் முதன்மையாக இருந்தது குர்பானி இறைச்சி. பெருநாளை அடுத்த மூன்று நாட்களுக்கு 'அய்யாமுத் தஷ்ரீக்' என்று பெயர். அந்நாட்களில் இறைச்சியைக் கீற்றுகளாக அரிந்து வெயிலில் உலர்த்தியதால் அப்பெயர் வந்தது என்று அறிஞர்கள் காரணம் கூறுவர். நம் பாட்டிமார் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, மொட்டை மாடியில் தொங்கவிட்ட உப்புக்கண்டம் அந்த வழக்கத்தின் உறவுதான். மின்சாரம் வேண்டாம்; ஈக்கள் மொய்க்காமல் மூட ஒரு மெல்லிய துணியும், நல்ல வெயிலும் போதும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓராண்டு, குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று தடுத்தார்கள். அவ்வாண்டு வறியோர் பலர் மதீனாவுக்கு வந்திருந்ததே காரணம். பின்னர், உண்ணவும், சேமிக்கவும், தருமம் செய்யவும் அனுமதி வழங்கினார்கள். எனவே சேமிப்பது குற்றமன்று. ஆயினும் முதலில் தடை வந்த காரணத்தை நாம் மறக்கலாகாது. இரண்டு மாதம் கெடாமல் காக்கும் குளிர்பெட்டி வந்தபோதே, பங்கிடும் பொட்டலங்கள் சில வீடுகளில் சிறுத்துப் போயின. இருபத்தைந்து ஆண்டுகள் காக்கும் பெட்டி வந்தால் என்னவாகும்? இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை.

"சரி ஹஜ்ரத், மிச்சமாகும் சோறு, கறி?" என்று கேட்டார்.

அதற்கு நான் ஒரு யோசனை சொன்னேன். ஒரு மாதம், நாள்தோறும் வீட்டில் என்ன மிஞ்சுகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். உலர்த்திக் காக்கத் தக்கது எவ்வளவு என்று அது சொல்லும். அவருடைய துணைவியார் பொறுமையாக எழுதினார். மாத முடிவில் பார்த்தால், பெரும்பாலான நாட்களில் மிஞ்சியது இரண்டு கைப்பிடிச் சோறும், சிறிது எண்ணெய்க் குழம்பும்தான். அந்த அம்மையார் மறுவாரத்திலிருந்து உலையில் ஓர் ஆழாக்கு அரிசியைக் குறைத்துவிட்டார். மிச்சம் நின்றுவிட்டது.

நான்கு இலட்ச ரூபாய் இன்னும் அவரிடமே இருக்கிறது. விற்பனை பற்றிய எண்ணத்தை அவர்கள் கைவிடவில்லை. வற்றலும் உப்புக்கண்டமும் சிறிய அளவில் செய்து, கேட்பவர் எத்தனை பேர் என்று பார்க்கத் தீர்மானித்திருக்கிறார்கள். வாடிக்கை பெருகினால் இயந்திரத்தைப் பற்றி அப்போது யோசிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய காகிதம் ஒன்று வந்து சேருமானால், ஒப்பமிடும் முன் பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு மாதம் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.